வீட்டில் பப்பா இல்லை

கோகோ கொள்முதல் கொட்டகை,
செஃப்வி காட்டுப்பகுதி.
2 நவம்பர் 1995

மதிப்பிற்குரிய மேடம் அன்சா ஒடுரோ அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் க்வாகு பாம்ஃபோ. பிரைமரி இரண்டாம் வகுப்பில் தங்களிடம் படிக்கும் டுஃபியேயின் தகப்பன். ஆசிரியப் பயிற்சிக்காகத் தாங்கள் கல்லூரியிலிருந்து அசுக்ரோம் பள்ளிக்கு வந்து சேர்வதற்கு முன்பே நான் இங்கே வந்துவிட்டேன். கோகோ காய் பழுத்துவிட்டால் கொள்முதல் குமாஸ்தாவுக்கு ஊர் கிடையாது, வீடு கிடையாது, தராசு மட்டும்தான். அதனால் நேரில் வந்து கேட்க வேண்டியதைக் கடிதத்தில் கேட்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை பள்ளியில் பெற்றோர் தினம் நடந்ததாமே. பிள்ளைகள் எழுதிய தாள்களைத் துணி காயப்போடுவதுபோல் கயிற்றில் தொங்கவிட்டிருந்தீர்களாம். நட்ட நடுவில், எல்லார் கண்ணிலும் படும்படி, என் மகளின் தாள். அதில் ஒரே வரி: 'வீட்டில் பப்பா இல்லை.' என் தங்கை ஃபோசுவா அதை ஊர் கேட்கப் படித்திருக்கிறாள். அவள் படித்த குரலில் அதற்கு 'வீட்டில் நல்லது இல்லை' என்று பொருள். கூடியிருந்த பெண்கள் சிரித்திருக்கிறார்கள். என் மனைவி செர்வா நாற்காலியிலிருந்து எழுந்து யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாளாம். அவளே பிள்ளைக்கு அப்படி எழுதச் சொல்லிக்கொடுத்தாள் என்று என் தங்கை சொல்கிறாள். என் தங்கை வேண்டுமென்றே அப்படிப் படித்தாள் என்று என் மனைவி சொல்கிறாளாம். இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது.

இங்கே மூட்டை ஏற்ற வந்த லாரி டிரைவர் இறங்கியதும் இறங்காததுமாக, "குமாஸ்தா, உங்க வீட்டுல நல்லது ஒண்ணுமே இல்லையாமே, ரெண்டு மூட்டைய எறக்கி வச்சுட்டுப் போகட்டுமா?" என்று கேட்டான். கூலியாட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். தாங்கள் வாசிப்புப் பாடத்தைத் தகர டின் தட்டி நடத்துகிறீர்களாம். என் மகள் வீட்டுக்கு வந்து பானையைத் தட்டுகிறாள், கதவைத் தட்டுகிறாள், அத்தையின் முதுகையும் தட்டியிருக்கிறாள். மேடம், தட்டக் கற்றுக்கொள்ள எந்தச் சாவு வீட்டுக்கும் போகலாம், அங்கே சாப்பாடும் போடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு நான் பிள்ளையை அனுப்புவது படிக்க. ட்வி மொழியை அவள் தாய் வயிற்றிலேயே கற்றுக்கொண்டுவிட்டாள். அதைத் தட்டி வேறு காட்ட வேண்டுமா?

குமாசியில் என் அண்ணன் இருக்கிறார். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு போகிற பள்ளி ஒன்று இருக்கிறது. ஆங்கிலம் தவிர வேறு எதுவும் காதில் விழாது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் டுஃபியேயை அங்கே அழைத்துப் போகிறேன் என்று அவர் கேட்டபடி இருக்கிறார். இதுவரை நான் பிடி கொடுக்கவில்லை. தங்கள் பதிலைப் பார்த்துவிட்டு முடிவு செய்வேன். தங்கள் கல்லூரி முதல்வருக்கும் எழுத வேண்டுமா என்பதையும் அப்போதே பார்க்கலாம்.

இங்ஙனம்,
க்வாகு பாம்ஃபோ


அசுக்ரோம்.
9 நவம்பர் 1995

மிஸ்டர் பாம்ஃபோ அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை உட்கார்ந்து ஒரு தடவையும் நின்றுகொண்டு ஒரு தடவையும் படித்தேன். முதலில் மன்னிப்பு. உங்கள் மனைவி எழுந்து போனதை நான் பார்த்தேன். கூப்பிட்டிருக்க வேண்டும். அந்த நேரம் தலைமையாசிரியர் என்னை விருந்தாளிகளுக்கு நாற்காலி தேட அனுப்பியிருந்தார், பயிற்சி ஆசிரியை என்றால் பாதி நேரம் நாற்காலி தூக்குகிறவள்தான்.

டின் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாட்டு, மத்தளம், படம் எல்லாம் எங்கள் அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு இருக்கிறது. அந்த மணியில் வகுப்பில் தூங்குகிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. காலையில் வாசிப்பு மணியில் விழித்திருக்கிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. புத்தகம் பத்துப் பேருக்கு ஒன்று. எழுத்தெழுத்தாகக் கூட்டுகிறார்கள், கூட்டி முடித்த பிறகு அது தங்கள் வாயில் தினமும் புழங்குகிற சொல் என்றே அவர்களுக்குத் தெரிவதில்லை. நான் செய்ததெல்லாம் வெள்ளிக்கிழமையைத் தூக்கிக் காலையில் வைத்ததுதான்.

உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் பாடத்தைச் சொல்ல வேண்டுமே. நம் மொழியில் 'பப்பா' என்று எழுதினால் மூன்று பொருள். மூன்றுக்கும் எழுத்து ஒன்று, குரல் வேறு. பெரிய தக்காளி டின்னுக்குத் தாழ்ந்த குரல். சின்ன பால் டின்னுக்கு உயர்ந்த குரல். பெரிய டின்னை இரண்டு தடவை தட்டினால் அந்த பப்பா விசிறி. சின்ன டின்னை இரண்டு தடவை தட்டினால் நல்லது. முதலில் பெரியது, பிறகு சின்னது என்று தட்டினால் தகப்பன். பிள்ளைகள் முதலில் தட்டுவார்கள், பிறகு சொல்வார்கள், பிறகுதான் எழுதுவார்கள். எழுதியதை இன்னொருவர் படிக்கும்போது எப்படிப் படிப்பது என்று சந்தேகம் வந்தால் எழுதியவரே தட்டிக் காட்ட வேண்டும். இதுதான் எங்கள் வகுப்பின் விதி.

டுஃபியே காலையில் தாமதமாக வருவாள். கதவுக்குப் பக்கத்தில் உட்காருவாள். நான் வந்த நாளிலிருந்து அவள் குரலை நான் கேட்டதில்லை. வாயில் கேட்டதில்லை என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் டின்னைக் கொண்டுவந்த அன்று முதலில் கை நீட்டியவள் அவள்தான். அதற்கடுத்த வாரம் முழுதாக ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதனால்தான் நடுவில் தொங்கவிட்டேன். உங்கள் தங்கை படித்தபோது டுஃபியே தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். தட்டிக் காட்ட ஆள் இல்லை. தப்பு என்னுடையது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் 'நல்லது இல்லை' என்று எழுதவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு டின் வேண்டியதில்லை. அப்பா ஊரில் இல்லாத பிள்ளை, பேசாத பிள்ளை, முதல் முறையாக ஒரு வாக்கியம் எழுதுகிறது. அவள் உங்களைத்தான் எழுதியிருக்கிறாள், மிஸ்டர் பாம்ஃபோ. வீட்டில் அப்பா இல்லை. இதற்குக் கோபப்படுவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம்.

தலைமையாசிரியர் டின்களைத் தன் அறையில் பூட்டி வைத்துவிட்டார். கல்லூரி மேற்பார்வையாளர் இந்த மாதம் என் வகுப்பைப் பார்க்க வருகிறார். டுஃபியே டின்னையும் விட்டுவிட்டாள், பென்சிலையும் விட்டுவிட்டாள். அவளைக் குமாசிக்கு அனுப்பாதீர்கள். இப்போதுதான் தொடங்கினாள்.

அன்சா ஒடுரோ


செஃப்வி காட்டுப்பகுதி.
16 நவம்பர் 1995

மேடம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நன்றாக எழுதுகிறீர்கள். பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள்.

ஒரே ஒரு கேள்வி. எழுதியவரே தட்டிக் காட்ட வேண்டும் என்பது தங்கள் விதி. டுஃபியே தட்டிக் காட்டினாளா?

இல்லை. 'எனக்கு டின் வேண்டியதில்லை' என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். டின் வேண்டியதில்லை என்றால் பிறகு எதற்கு டின்? மூட்டையைப் பார்த்தே எடை சொல்கிற குமாஸ்தாவை எங்கள் கம்பெனியில் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். விவசாயி எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், மூட்டை எவ்வளவு உப்பியிருந்தாலும், தூக்கித் தராசில் வைத்த பிறகுதான் நான் வாயைத் திறப்பேன். தாங்கள் என் மகளைத் தூக்கித் தராசில் வைக்கவே இல்லை. என் தங்கை ஒரு குரலில் படித்தாள், தாங்கள் இன்னொரு குரலில் படித்தீர்கள். இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? அவள் கல்லூரிக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் அப்பா இல்லை. அது எனக்கு யாரும் எழுதிக் காட்ட வேண்டிய செய்தி அல்ல. கோகோ ஈரத்தின் நாற்றத்தில், மூட்டைகளுக்கு நடுவில் பாய் போட்டுப் படுக்கிறேன். யாருக்காக என்று தாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இந்தக் கடிதத்தை எழுத உட்காருவதற்கு முன் ஒரு விவசாயியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அவர் பாவம், தன் மூட்டையை மறுபடி பிரித்துக் காட்டினார். தங்கள் வரிதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணனுக்குச் சம்மதம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காரில் வந்து டுஃபியேயை அழைத்துப் போவார். தங்கள் முதல்வருக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

க்வாகு பாம்ஃபோ


அசுக்ரோம்.
25 நவம்பர் 1995

மிஸ்டர் பாம்ஃபோ அவர்களுக்கு,

நீங்கள் கேட்டது சரியான கேள்வி. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு முழுக்க உங்களைத் திட்டினேன், மறுநாள் என்னைத் திட்டினேன், மூன்றாம் நாள் சாயங்காலம் சாலைச் சந்திக்குப் போனேன். உங்கள் மனைவி கரி அடுப்பு வைத்து வாழைக்காய் சுட்டு விற்கிற இடத்துக்கு.

என்னைப் பார்த்ததும் அவர் வாழைக்காயைத் திருப்புவதை நிறுத்தவில்லை. "வாங்க மேடம். கயித்துல தொங்கவிட இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்கா?" என்றார்.

"இல்ல அக்கா. வாழைக்காய் வாங்க வந்தேன்."

"கடலையும் சேத்தா, கடலை இல்லாமயா?"

"சேத்து."

டுஃபியே அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கிழிந்த அட்டையால் கரியை வீசிக்கொண்டிருந்தாள். சாம்பல் பறந்ததே தவிர நெருப்பு பிடிக்கவில்லை. ஹர்மத்தான் காற்று இந்த வருஷம் சீக்கிரமே தொடங்கிவிட்டது, புழுதி ஒரு பக்கம், சாம்பல் ஒரு பக்கம். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அந்த வரிய எனக்குத் தட்டிக் காட்டுறியா?" என்று கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கையில் இருந்த இடுக்கியை அவளிடம் கொடுத்தார்.

கரி அடுப்பின் வயிற்றில் தட்டினால் தாழ்ந்த குரல். பக்கத்தில் இருந்த பீங்கான் தட்டில் தட்டினால் உயர்ந்த குரல். டின் பூட்டிக் கிடந்தாலும் அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 'வீட்டில்' தட்டினாள். பிறகு அடுப்பின் வயிற்றில் இரண்டு தடவை. தாழ்வு, தாழ்வு. பிறகு 'இல்லை'.

எனக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்து, "இன்னொரு தடவ," என்றேன். மறுபடியும் அடுப்பின் வயிறு. தாழ்வு, தாழ்வு.

"விசிறியா?"

"ஆமா மேடம்." இதுதான் நான் கேட்ட அவளுடைய முதல் குரல். கொஞ்சம் கரகரப்பு. "வீட்டுல விசிறி இல்ல. பழசு கருகிப்போச்சு. அட்டையில காத்தே வரமாட்டேங்குது. காலையில கஞ்சி கொதிக்க நேரமாகுதுல்ல, அதான் லேட்டு."

மிஸ்டர் பாம்ஃபோ, உங்கள் மனைவி சிரிக்கத் தொடங்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வாழைக்காய் கருகுவது தெரியாமல் சிரித்தார். "விசிறிக்கா ஊரே என் வீட்டக் காறித் துப்புச்சு," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். டுஃபியேக்கு எதற்கென்று புரியவில்லை, அவள் வீசிக்கொண்டே இருந்தாள். பிறகு உங்கள் மனைவி சட்டென்று நிறுத்திவிட்டு, "போன தடவ வந்தப்ப, அங்கேருந்து நல்ல விசிறியா அனுப்புறேன்னு சொன்னாரு. பிள்ள அதைக் கேட்டுட்டு இருந்துச்சு," என்றார். அதற்கு மேல் அவர் சிரிக்கவில்லை.

நான் வழியெல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். உங்கள் தங்கை அதில் அண்ணியைப் படித்தார். நீங்கள் உங்கள் மானத்தைப் படித்தீர்கள். நான் என் கெட்டிக்காரத்தனத்தைப் படித்தேன். அந்தப் பிள்ளை விசிறி வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதை அவளிடம் கேட்கிற எண்ணம் நம்மில் ஒருவருக்கும் வரவில்லை, உங்களைத் தவிர.

மேற்பார்வையாளர் செவ்வாய்க்கிழமை வந்தார். பயத்தில் ஒரு சாதுவான பாடம் தயாரித்து வைத்திருந்தேன், கரும்பலகை, சாக்பீஸ், திரும்பச் சொல்லு. வகுப்புக்குள் நுழைந்ததும் அதை மடித்து வைத்துவிட்டேன். உள்ளங்கையால் மேசையைத் தட்டினால் தாழ்வு, பென்சிலால் தட்டினால் உச்சம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். டுஃபியே எழுந்து நின்று மூன்று பப்பாவையும் தட்டி, சொல்லி, எழுதினாள். அவர் ஏதோ குறித்துக்கொண்டார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போகும்போது "சத்தம் ரொம்ப அதிகம்" என்றார்.

முதல்வருக்கு எழுதிய கடிதத்தை அனுப்புவதானால் அனுப்புங்கள். என் முந்தைய கடிதத்துக்கு அது தகும். ஆனால் ஒரு விசிறிக்காகப் பிள்ளையைக் குமாசிக்கு அனுப்பாதீர்கள்.

அன்சா ஒடுரோ


செஃப்வி காட்டுப்பகுதி.
4 டிசம்பர் 1995

மேடம் அவர்களுக்கு,

விசிறி.

தங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொட்டகைக்கு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். நான் அனுப்புகிறேன் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. லாரியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னது. அப்படிச் சொல்வதை யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

டிரைவர் கையில் ஒரு விசிறி கொடுத்தனுப்புகிறேன். பனையோலை, விளிம்பில் தோல் வைத்துத் தைத்தது, கைப்பிடி கெட்டியானது. இங்கே ஒரு விவசாயியின் மனைவி பின்னிக் கொடுத்தார். யாருக்கு என்று கேட்டார். மகளுக்கு என்றேன். "மகளுக்கா, பொண்டாட்டிக்கா?" என்று கேட்டார். இந்த ஊர்ப் பெண்களுக்கு வாய் அதிகம்.

இன்னொன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மத்தியானம் வேலை குறைவாக இருந்தபோது, காலி மண்ணெண்ணெய் டின்னையும் தராசுத் தட்டையும் வைத்துக்கொண்டு நானும் தட்டிப் பார்த்தேன். மூட்டை தூக்குகிற ஆட்களைக் கூப்பிட்டு, "என்னன்னு சொல்லுங்கடா," என்றேன். தகப்பன் என்று நினைத்துத் தட்டினேன். அவர்களில் ஒருவன், "விசிறி, குமாஸ்தா," என்றான். மறுபடி தட்டினேன். "இப்பவும் விசிறிதான். உங்களுக்கு ரொம்பப் புழுங்குதா?" என்றான். மூன்றாவது தடவையும் விசிறி. என் கைக்குத் தகப்பன் வரவில்லை. மேல் குரல் தட்ட வேண்டிய இடத்தில் கை தயங்கிப் போய்க் கீழேயே விழுகிறது. தாங்கள் சிரிக்கலாம், அவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

முதல்வருக்கு எழுதிய கடிதம் கஞ்சி காய்ச்ச அடுப்புப் பற்றவைக்க உதவியது. நல்ல காகிதம், சீக்கிரம் பிடித்துக்கொண்டது.

ஆனால் குமாசி விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. அண்ணன் அந்தப் பள்ளியில் பேசி இடம் வாங்கிவிட்டார். அவருக்கு என்ன சொல்வது? 'பிள்ளைக்கு டின் தட்ட வருகிறது' என்று சொன்னால் என்னைக் கிறுக்கன் என்பார். நான் எழுத்தைப் பார்த்து வளர்ந்தவன் மேடம். எங்கள் வாத்தியார், நான் ட்வியில் பேசியதற்காக என் கழுத்தில் பலகை மாட்டிவிட்டவர். அந்தப் பலகையோடு படித்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். எதை நம்புவது என்று எனக்கு இன்னும் தெளியவில்லை.

ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். டுஃபியே எனக்கு எழுதட்டும். தாங்கள் சொல்லிக்கொடுக்காமல், அவள் அம்மா சொல்லிக்கொடுக்காமல், அவளாக. அவள் மனதில் இருப்பதை அவளால் எழுத முடிகிறது என்று நான் பார்த்துவிட்டால், அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன். முடியவில்லை என்றால் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவள் காரில் ஏறுவாள். கிறிஸ்துமஸுக்கு எனக்கு நான்கு நாள் விடுப்பு தருகிறார்கள். வருவதாக அவளிடம் சொல்ல வேண்டாம்.

க்வாகு பாம்ஃபோ


அசுக்ரோம்.
14 டிசம்பர் 1995

டுஃபியே பப்பாவுக்கு,

இங்கே உங்களை எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதிவிடுகிறேன், 'மிஸ்டர் பாம்ஃபோ' என்று எழுதும்போதெல்லாம் சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கிறது.

விசிறி வந்து சேர்ந்தது. டிரைவர் அதை லாரியின் முன்கண்ணாடியில் செருகிக்கொண்டு, வழியெல்லாம் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு வந்தாராம். "நல்லது இல்லாத வீட்டுக்கு வெளியூர்லேருந்து காத்து வருது," என்று சந்தியில் நின்று கத்தினார். உங்கள் மனைவி அவருக்குக் கருகின வாழைக்காயாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து டுஃபியே மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பில் இருக்கிறாள். இன்னமும் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறாள், அது அவளுக்குப் பிடித்த இடம் என்று தெரிந்துகொண்டேன். அதையும் நான் வேறு மாதிரி படித்து வைத்திருந்தேன்.

நீங்கள் கேட்டது இத்துடன் இருக்கிறது. ஒரு தாளில் மூன்று கோடு போட்டுக் கொடுத்தேன், ஒவ்வொரு பப்பாவுக்கும் ஒரு கோடு. "அப்பாவுக்கு அனுப்பணும். ஒனக்கு என்ன தோணுதோ எழுது," என்று மட்டும் சொன்னேன். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். சத்தியமாக ஒரு எழுத்துக்கூட நான் சொல்லவில்லை.

முதல் கோட்டில் 'பப்பா வந்தாச்சு' என்று எழுதியிருக்கிறாள். மற்ற இரண்டு கோடும் காலி.

எனக்கு உள்ளுக்குள் குதித்தது. ஒரு அழகான கதை அதற்குள் தயாராகிவிட்டது. நல்லவேளை, உங்கள் தராசு ஞாபகம் வந்தது. "தட்டு," என்றேன். மேசையில் உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டினாள். தாழ்வு, தாழ்வு. விசிறி வந்தாச்சு.

"சரி. மத்த ரெண்டு கோட்டுல ஏன் ஒண்ணும் எழுதல? வரலையா ஒனக்கு?"

என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "எனக்கு எழுத வரும் மேடம். அது ரெண்டும்தான் இன்னும் வரல," என்றாள்.

நான் அவளை அணைத்துக்கொண்டேன். பயிற்சி ஆசிரியைகள் அப்படிச் செய்யக் கூடாது என்று எங்கள் கையேட்டில் இருக்கிறது. அதற்கு மேல் இந்தத் தாளைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். எடை போட வேண்டியவர் நீங்கள்.

பார்த்துவிட்டுத் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். எனக்கு வரும் வெள்ளியோடு இங்கே பயிற்சி முடிகிறது, கல்லூரிக்குத் திரும்புகிறேன். மேற்பார்வையாளரின் குறிப்பு வந்தது. 'சத்தம் அதிகம். பிள்ளைகள் படிக்கிறார்கள்.' தேர்ச்சி கொடுத்துவிட்டார். தலைமையாசிரியர் டின்களைத் திருப்பிக் கொடுத்தார், ஒன்றில் பேனா போட்டு வைத்திருந்தார்.

நீங்கள் வரப்போவதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அன்சா


அசுக்ரோம்.
27 டிசம்பர் 1995

அன்சா மேடத்துக்கு,

கல்லூரி முகவரிக்கு எழுதுகிறேன். விடுமுறை முடிந்து வந்ததும் கிடைக்கட்டும்.

இருபத்து நான்காம் தேதி சாயங்காலம் லாரியிலிருந்து சந்தியிலேயே இறங்கினேன். புழுதியில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. அடுப்பு தெரிந்தது. டுஃபியே நிமிர்ந்து பார்த்துவிட்டு, வீசுவதை நிறுத்தாமல், "அம்மா, அப்பா," என்றாள். ஏதோ தினமும் வருகிறவனைச் சொல்வதுபோல். செர்வா ஒரு வாழைக்காயைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினாள். பேசவில்லை. இன்றுவரை தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. கருகாத வாழைக்காயாகக் கொடுத்தாள் என்பதை மட்டும் கவனித்தேன்.

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிப் பாய்க்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அண்ணன் காரில் வந்தார். கூடவே ஃபோசுவாவும். அந்த ஊர்ப் பள்ளியின் கழுத்துப்பட்டையைக்கூட வாங்கி வந்துவிட்டார். நான், "அண்ணா, அவ வரல," என்றேன்.

"ஏன், என்னடா கொறச்சல்?"

"கொறச்சல் இல்ல. இங்கயே படிக்கிறா."

"தகரம் தட்டுறதா படிப்பு? எங்க, எதையாவது படிச்சுக் காட்டச் சொல்லு பாப்போம்."

டுஃபியே உள்ளே போய் அந்தத் தாளைக் கொண்டு வந்தாள். அண்ணன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். "க்வாகு, ஒரே வரிய ரெண்டு தடவ எழுதியிருக்காடா. இதத்தான் படிப்புங்கிறியா?" என்று என்னிடம் நீட்டினார்.

இரண்டாவது கோடு காலியாக இல்லை. அதிலும் 'பப்பா வந்தாச்சு' என்று எழுதியிருந்தாள். எப்போது எழுதினாள் என்று தெரியாது. நான் வந்த இரவா, மறுநாளா, யாரும் பார்க்கவில்லை.

"ரெண்டும் ஒண்ணு இல்ல பெரியப்பா," என்றாள் டுஃபியே. ஊர்க் காரியம் பேச வந்த பெரிய மனுஷி மாதிரி இடுக்கியை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போனாள். முதல் வரிக்கு அடுப்பின் வயிற்றில் இரண்டு தடவை தட்டினாள். இரண்டாவது வரிக்கு அடுப்பின் வயிற்றில் ஒன்று, பீங்கான் தட்டில் ஒன்று. தாழ்வு, உச்சம்.

மேடம், நான் அழுதேன். அண்ணனும் தங்கையும் பார்த்துக்கொண்டிருக்க அழுதேன். செஃப்வியில் மூன்று தடவை தட்டியும் என் கைக்கு வராதது அவள் கைக்கு ஒரே தடவையில் வந்தது.  காருக்குப் போன அண்ணன் கதவைத் திறக்காமல் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, விரலால் காரின் பானெட்டில் தட்டிப் பார்த்தார். கழுத்துப்பட்டையை விட்டுவிட்டுப் போய்விட்டார். டுஃபியே அதை விசிறியின் கைப்பிடியில் கட்டி வைத்திருக்கிறாள்.

மூன்றாவது கோடு, நல்லதுக்கானது, காலியாகத்தான் இருக்கிறது. நேற்று இரவு சாப்பிட்ட பிறகு, "இதுல எப்ப எழுதுவ?" என்று கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்புச் சாம்பலை வாரிக்கொண்டிருந்தாள், எங்கள் பக்கம் திரும்பவில்லை. டுஃபியே என்னையும் பார்த்தாள். "அது வரட்டும், எழுதுறேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

நாளைக் காலை லாரியில் திரும்புகிறேன். சீசன் முடிந்ததும் வந்துவிடுவேன் என்று அவளிடம் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. லாரியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொல்கிறவற்றை இந்த வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வந்து நின்ற பிறகு அவளே தட்டிக்கொள்ளட்டும்.

தங்கள் டின்கள் பள்ளியில் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்லச் சொன்னாள். கீழே என் பெயரைப் படிக்கும்போது, முதலில் பெரிய டின், பிறகு சின்ன டின்.

டுஃபியே பப்பா